வன்னி றோட்டுக்கு 200–400 சிசி பயண பைக்: புதுசா ஓடுறவைக்கு எது தோது?

#1 – குளக்கட்டு

எல்லாருக்கும் வணக்கம். இப்ப ஓடுறது 110 சிசி ஸ்கூட்டர். ஏ வகுப்பு லைசன்ஸ் இருக்கு, கியர் பைக் ஓடத் தெரியும், ஆனால் நெடுந்தூரம் ஓடிப் பழக்கமில்லை. இருக்கிறது கிளிநொச்சி, வேலை முல்லைத்தீவுப் பக்கம். லீவு நாளில திருகோணமலை, மன்னார், சிலவேளை கொழும்பு எண்டு ஓட விருப்பம். பின்னால அக்கா இருப்பா. உயரம் 5 அடி 3. புதுசு வேண்ட வசதியில்லை, செக்கன் ஹாண்ட்தான் பாக்கிறன்.

முன்னுக்குக் காத்தை மறைக்க ஃபெயாரிங் இருக்கோணும், நிமிர்ந்து இருந்து ஓடக்கூடியதா இருக்கோணும். பல்சர் 220எஃப், ஆர்எஸ்200, ஜிக்ஸர் எஸ்எஃப் 250, டொமினார் 400 எண்டு நாலு பேர் சொல்லினம். எது எண்டு முடிவெடுக்கத் தெரியேல்ல. காரணத்தோட சொல்லுங்கோ.

#2 – பரந்தன்_பட்டறை

தங்கச்சி, பைக்கின்ர பேரை விடுங்கோ, முதல் றோட்டைப் பாருங்கோ. பரந்தனில இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவு வரைக்கும் ஏ35, ஏறக்குறைய 50 கிமீ. அது காப்பெற் றோட்டு. அதில எந்த பைக்கும் ஓடும். கஷ்டம் தொடங்கிறது பெரிய றோட்டை விட்டு உள்ளுக்கு இறங்கின பிறகு. கிறவல், மழைக்குச் சுரி, வெயிலுக்குக் குண்டுமணி மாதிரி உருளுற கல்லு. வீட்டு வாசல் வரைக்கும் அந்தப் பைக்கைக் கொண்டுபோய் நிப்பாட்டித் திருப்பிறதும் நீங்கள்தான்.

பாரத்தை முதல் வையுங்கோ. எண்ணெயோட சேத்துப் பாத்தால் 220எஃப் 155 கிலோவுக்குக் கிட்ட, ஜிக்ஸர் எஸ்எஃப் 250 161, ஆர்எஸ்200 165, டொமினார் 400 வருசத்தைப் பொறுத்து 182க்கு மேல. உங்கட ஸ்கூட்டர் இதுகளை விட ஏறக்குறைய 50இல இருந்து 75 கிலோ வரை குறைவு. சீற் உயரம் 220எஃப் 795 மிமீ, ஜிக்ஸரும் டொமினாரும் 800, ஆர்எஸ் 810. பேப்பரில 15 மிமீ வித்தியாசம் எண்டு நினைக்கவேண்டாம். சீற் அகலமாயிருந்தால் கால் வெளிய விரிஞ்சு இன்னும் எட்டாமல் போகும். டொமினாரில அதுதான் நடக்கும்.

பவரைக் கடைசியா வையுங்கோ. 220எஃப் 20.9 பிஎஸ், ஆர்எஸ் 24.5, ஜிக்ஸர் 26.5, டொமினார் வருசத்தைப் பொறுத்து 35 அல்லது 40. எங்கட நாட்டில எக்ஸ்பிரஸ்வேயில மோட்டார் சைக்கிள் ஏறேலாது. ஏ9 எண்ட கண்டி–யாழ்ப்பாணம் றோட்டில 70, 80க்கு மேல தேவையான இடமே இல்லை. அந்த வேகத்துக்கு 20 பிஎஸ் தாராளம், அக்காவையும் பையையும் ஏத்தினாலும் தாராளம்.

#3 – ஏ9_நேர்றோட்டு

பரந்தன் அண்ணை சொல்றதில பாதிதான் எனக்குச் சம்மதம். 40 பிஎஸ் எண்டது ஓட்டப்போட்டிக்கு இல்லை. கனராயன்குளம், புளியங்குளம் பக்கம் லொறியைத் தாண்டேக்க எதிர்ப்பக்கத்தில நிக்கிற நேரம் குறையும். 220எஃப் எஞ்சின் நிமிசத்துக்கு 7000 சுத்தில 18.5 என்எம் இழுவை குடுக்கும். டொமினார் அதே 7000க்குள்ளேயே 35 என்எம் குடுக்கும். இரண்டு பேர் இருக்கேக்க மேல் கியரில 60இல இருந்து 80க்கு இழுக்கிற இழுவையில அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். 220எஃப்இல ஒவ்வொரு தரமும் ஒரு கியர் இறக்கோணும்.

அதோட டொமினாரில சிலிப்பர் கிளச் இருக்கு. புதுசா ஓடுறவை அவசரத்தில இரண்டு கியரைச் சேத்து இறக்கிக் கிளச்சைப் பட்டெண்டு விட்டால் பின்சில்லு இழுபட்டுக் குதிக்கும். சிலிப்பர் கிளச் அதைக் கனக்கக் குறைக்கும். முன் டிஸ்க் 320 மிமீ. பிறேக் பிடிக்கேக்க சில்லு பூட்டாமல் காக்கிற ஏபிஎஸ், இரண்டு சில்லுக்கும் (இரட்டைச் சனல்) உள்ளதும் கிடைக்கும். புதுசா ஓடுற ஆளுக்கு இதெல்லாம் பாதுகாப்புத்தானே?

#4 – பரந்தன்_பட்டறை

பாதுகாப்புத்தான், மறுக்கேல்ல. ஆனால் புதுசா ஓடுறவை பைக்கை விழுத்திறது கூடுதலா 80இல இல்லை, 5இல. கேற்றடியில திருப்பேக்க, கடைக்கு முன்னால நிப்பாட்டேக்க, ஒரு கால் கிடங்குக்குள்ள போகேக்க. பைக் சரியத் தொடங்கி ஒரு அளவைத் தாண்டினால் 155 கிலோவையும் பிடிக்கேலாது, 185ஐயும் பிடிக்கேலாது. வித்தியாசம் அதுக்கு முந்தின கணத்தில. 155ஐ நுனிக்காலாலயும் தாங்கி நிமித்திப்போடலாம். 185ஐ உள்ளங்கால் முழுக்க நிலத்தில இருந்தால்தான் நிமித்தலாம். 5 அடி 3க்கு டொமினாரில அது வாய்க்காது.

இன்னொண்டு. பெரிய எஞ்சினில திறொட்டில் பிடி கொஞ்சம் முறுகினாலே பைக் பாயும். கிறவலில கிடங்கு குலுக்கினால் கை தன்பாட்டில முறுகும். பழகின ஆள் மணிக்கட்டைக் கீழ வைச்சுப் பிடிக்கும். புதுசா ஓடுற ஆளுக்கு அந்தப் பழக்கம் வர நாளெடுக்கும்.

#5 – ஒட்டுசுட்டான்_கிறவல்

இங்க ஒருத்தரும் மாட்டைப் பற்றிக் கதைக்கேல்ல. மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34இல பின்னேரம் 6 மணிக்குப் பிறகு ஓடினவைக்குத் தெரியும். சூடு தங்கிற தார் றோட்டில மாடு வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த றோட்டு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் றோட்டுக்கு வரும்.

கணக்கைப் பாருங்கோ. மாட்டைக் கண்டு பிறேக்கில கை வைக்க ஒரு செக்கன். நல்ல ரயர், காய்ஞ்ச காப்பெற் றோட்டு, பழகின கை எண்டால் செக்கனுக்கு 6 மீற்றர்/செக்கன் வீதம் வேகம் குறையும். 60இல அந்த ஒரு செக்கனில 17 மீ போகும், பிறகு நிக்க 23 மீ, மொத்தம் 40 மீ. 80இல 22 மீயும் 41 மீயும் சேந்து 63 மீ. 90இல 77 மீ. லோ பீமில மாட்டை மாடெண்டு அடையாளம் தெரியிறது 40, 50 மீக்குள்ளதான். எனவே எதிர்லைற் வந்து நீங்கள் லோ பீம் போட்டிருக்கிற நேரம் 60க்கு மேல ஓடினால் கண்டாலும் நிக்கேலாது. இது பைக்கைப் பொறுத்ததில்லை, 40 பிஎஸ் இருந்தாலும் இதே கணக்குத்தான்.

கிறவலில வேகம் குறையிறது இதின்ர பாதி. 40 கிமீயிலயே நிக்க 30 மீக்கு மேல வேணும்.

அதால நான் முதல் கேக்கிற கேள்வி ஏபிஎஸ் இருக்கா, ஹெட்லைற் எப்பிடி எண்டதுதான். 220எஃப்இன்ர புறொஜெக்ரர் லைற் நல்லது. ஆர்எஸ்இலயும் இரண்டு புறொஜெக்ரர். ஏபிஎஸ்ஸில கவனம்: 2019க்கு முந்தின 220எஃப்இல ஏபிஎஸ் இல்லை. பிறகு வந்ததில முன்சில்லுக்கு மட்டும் இருக்கு. அந்தக் காலத்து ஆர்எஸ்இலயும் முன்சில்லுக்கு மட்டும்தான், ஏபிஎஸ் இல்லாத ஆர்எஸ்ஸும் உண்டு. ஸ்ரிக்கரைப் பாத்து நம்பாமல் முன் டிஸ்க்குக்குப் பக்கத்தில ஓட்டை ஓட்டையா ஒரு சின்ன வளையமும் அதுக்கு முன்னால சென்சரும் வயரும் இருக்கா எண்டு குனிஞ்சு பாருங்கோ. ஜிக்ஸர் எஸ்எஃப் 250இல இரண்டு சில்லுக்கும் ஏபிஎஸ்.

முன்சில்லுக்கு மட்டும் ஏபிஎஸ் இருந்தால் போதுமா எண்டு கேப்பியள். முன்சில்லு பூட்டினால் விழுறது அரைச் செக்கனில. பின்சில்லு பூட்டினால் வால் ஆடும், ஆனால் திருத்த நேரம் இருக்கு. இரண்டில ஒண்டுதான் எண்டால் முன்சில்லுக்கு இருக்கிறதுதான் உயிரைக் காக்கும். ஏபிஎஸ் கிறவலில தூரத்தைக் குறைக்காது, கூட்டும். அங்க வேகத்தைக் குறைக்கிறது மட்டும்தான் வழி.

#6 – வவுனியா_பாட்ஸ்

சாமான் பக்கம் நான் சொல்றன். 220எஃப்க்கு பிறேக் பாட், கிளச் பிளேற், செயின் ஸ்புறொக்கற், கோன் செற் (ஹாண்டில் திரும்பிற பேரிங்), கேபிள், லீவர், இண்டிகேற்றர் எல்லாம் வவுனியாவில, கிளிநொச்சியில கடைக்குக் கடை கிடக்கும். கனக்கச் சாமான் மற்றப் பல்சருகளோட பொருந்தும். ஆர்எஸ்200க்கு எஞ்சின் சாமான் என்எஸ்200ஓட பொருந்திறதால பிரச்சினை குறைவு, ஆனால் ஃபெயாரிங் பெரிசு. ஒருக்காச் சரிஞ்சால் பக்கப் பலகை, அதைப் பிடிக்கிற கிளிப், சிலவேளை பிறாக்கெற் எண்டு போகும். 220எஃப்இல மூடி மேல் பாதி மட்டும்தான், சரிஞ்சாலும் கூடுதலா லீவரும் இண்டிகேற்றரும் கால்மிதியும்தான் அடிபடும்.

ஜிக்ஸர் 250க்கும் டொமினாருக்கும் அன்றாடச் சாமான் வரும். கொஞ்சம் அரிதான ஒண்டு எண்டால் கொழும்பில இருந்து வரும்வரை பைக் நிக்கும். வேலைக்கு ஓடுற பைக் நிண்டால் என்ன செய்வியள் எண்டு யோசிச்சு எடுங்கோ.

ரயர் அளவு: 220எஃப் முன் 90/90-17, பின் 120/80-17. ஆர்எஸ் 100/80, 130/70. ஜிக்ஸரும் டொமினாரும் 110/70, 150/60. பின் 150/60இல நல்ல ரயர் எண்டால் விலையும் கூட, தெரிவும் குறைவு.

#7 – பூநகரிக்காத்து

மெல்லிய ரயர் எண்டால் பக்கச்சுவர் உயரம், கிடங்குக்கு நல்லது எண்டு சிலபேர் சொல்லினம். கணக்குப் பாத்தால் அப்பிடியில்லை. 120/80 எண்டால் 96 மிமீ, 150/60 எண்டால் 90 மிமீ. முன்னுக்கு 81உம் 77உம். நாலு, ஆறு மில்லிமீற்றர்தான். றிம் நெளியிறது காத்துக் குறைவால. 220எஃப்க்கு முன் 25 பிஎஸ்ஐ, பின் தனிய ஓட 28, ஆள் ஏத்தினால் 32. கிறவலில பிடிக்கும் எண்டு 20க்கு இறக்கிப்போட்டு அப்பிடியே ஏ9இல ஏறி 80இல ஒரு கிடங்கில விழுத்தினால் அலோய் றிம்மின்ர விளிம்பு நெளிஞ்சு காத்து இறங்கும்.

காத்தையும் மறக்காதையுங்கோ. சங்குப்பிட்டிப் பாலத்திலயும் ஆனையிறவிலயும் சோளகம் அடிக்கிற மாதங்களில பக்கவாட்டில தள்ளும். முழு ஃபெயாரிங் போட்ட ஆர்எஸ், ஜிக்ஸர் அந்தத் தள்ளை கூடுதலா வாங்கும். அதோட பின்னுக்கு உயரமா ஒரு பெட்டி பூட்டினால் முன்சில்லு மெதுவா ஆடத் தொடங்கும். கையை இறுக்கிப் பிடிச்சால் ஆட்டம் கூடும். முழங்காலால டாங்கை இறுக்கி, முழங்கையைத் தளர்த்தி, காத்து வாற பக்கமா ஒதுங்கி 50, 60இல ஓடுங்கோ. பொதியைப் பெட்டியில ஏத்தாமல் சீற்றுக்குக் குறுக்கால தொங்கிற இரட்டைப் பையில இரண்டு பக்கமும் சமனாப் போடுங்கோ. பாரமான சாமான் அடியில.

#8 – மணலாறு_டீசல்

ஒருத்தரும் ஜப்பான் பைக் சொல்லேல்ல. ஹோர்னெற் 250 எடுத்தால் நாலு சிலிண்டர், அதிர்வே இல்லை. பழைய சீபிஆர் 250ஆர்ஆரும் சந்தையில வருது. சத்தமும் சொகுசும் இந்தியன் பைக்கில வராது.

#9 – பரந்தன்_பட்டறை

ஹோர்னெற் அருமையான எஞ்சின். இந்தத் தங்கச்சிக்குச் சரிவராது. நாலு சிலிண்டருக்கு நாலு காபரேற்றர். நாலையும் வக்குவம் மானி வைச்சுச் சமப்படுத்தத் தெரிஞ்ச கை வேணும். முன் ரயர் 130/70-16, பின் 180/55-17. 16 அங்குல முன் ரயர் அவசரத்துக்கு இங்க எங்கயும் கிடையாது. 250ஆர்ஆர் 1990களின்ர தொடக்கத்து வண்டி, ரப்பர் எல்லாம் 30 வருசம் பழசு: காபரேற்றர் டயஃபிறம், இன்ரேக் ரப்பர், பிறேக் ஹோஸ், ஃபோர்க் சீல். ஒவ்வொண்டாப் போகும். இரண்டாவது பைக்கா வைச்சிருக்கிறவை வைச்சிருக்கட்டும்.

#10 – குளக்கட்டு

எல்லாருக்கும் நன்றி. இப்ப டொமினாரை விட்டுட்டன். ஜிக்ஸர் 250 கிட்டடியில ஒண்டும் விலைக்கு வரேல்ல. பாக்க இருக்கிறது இரண்டு: ஏபிஎஸ் உள்ள 2019 220எஃப் ஒண்டு, 2017 ஆர்எஸ்200 ஒண்டு. இரண்டும் பாக்க மினுக்கமா இருக்கு. மெக்கானிக் அண்ணை ஒராளைக் கூட்டிக்கொண்டு போவன், எண்டாலும் என்னத்தைப் பாக்கோணும் எண்டு எனக்கும் தெரிஞ்சிருக்கோணும்.

#11 – பரந்தன்_பட்டறை

நல்ல கேள்வி. விரிவாச் சொல்றன், ஆறுதலா வாசியுங்கோ.

2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிப்பாட்டினது 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. அதால செக்கன் ஹாண்ட் சந்தையில நிக்கிற கனக்கப் பைக் 2020க்கு முந்தினது. இடையில 2022இல பெற்றோல் தட்டுப்பாடு. கனக்க வண்டி மாசக்கணக்கா நிண்டது. நிண்ட வண்டிக்கு வாற நோய் ஓடின வண்டிக்கு வாற நோயை விட வேற. மினுக்கம் அதை மறைக்கும்.

போக முந்தியே "எஞ்சினை ஸ்ராற் பண்ணி வைக்காதையுங்கோ" எண்டு சொல்லுங்கோ. போன உடன எஞ்சினைத் தொட்டுப் பாருங்கோ. சுடுதெண்டால் ஏதோ மறைக்கினம், ஆற விட்டுப் பிறகு பாருங்கோ. ஆறின எஞ்சின் ஸ்ராற் ஆகேக்க நீலப் புகை வந்து கொஞ்சத்தில நிண்டால் வால்வ் சீல். திறொட்டில் குடுக்கக் குடுக்க நீலமா வந்துகொண்டே இருந்தால் பிஸ்ரன் றிங். முதலாவது சமாளிக்கலாம், இரண்டாவதுக்கு எஞ்சின் திறக்கோணும். 220எஃப்இல ஆறின நேரம் டைமிங் செயின் கொஞ்சம் கறகறத்து, ஒயில் ஏறினதும் அடங்கும். சூடான பிறகும் கறகறத்தால் ரென்சனரும் செயினும் மாத்திற செலவைக் கணக்கில வையுங்கோ.

டாங் மூடியைத் திறந்து போன் லைற் அடிச்சுப் பாருங்கோ. உள்ளுக்கு செம்மண் நிறத்தில தெரிஞ்சால் துரு. 220எஃப் காபரேற்றர், அடைச்சால் கழட்டிக் கழுவலாம். ஆர்எஸ் இன்ஜெக்சன். துரு போனால் பம்பும் இன்ஜெக்ரரும் அடிபடும், அது சின்னச் செலவில்லை.

இனி ஆர்எஸ்200க்கு மட்டும் உள்ளது, கவனமாக் கேளுங்கோ. அது தண்ணியில குளிருற எஞ்சின். வன்னிக் கிணத்துத் தண்ணி கடினம், கேத்திலில வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள். கூலன்ற் குறைஞ்சால் கிணத்துத் தண்ணி ஊத்திறவை இருக்கினம். அதே படிவு றேடியேற்றரின்ர மெல்லிய குழாயளிலயும் எஞ்சினுக்குள்ள தண்ணி ஓடுற வழியிலயும் படியும். வெளியால ஒண்டும் தெரியாது, ஏப்ரல் வெயிலில சனநெரிசலில நிக்கேக்க சூடு ஏறும். பாக்கிற விதம்: எஞ்சின் ஆறின நிலையில கூலன்ற் டப்பாவைப் பாருங்கோ. பச்சை, சிவப்பு, நீலம் எண்டு தெளிஞ்ச நிறம் இருந்தால் நல்லது. நிறமில்லாத தண்ணி, பழுப்பு, மேல எண்ணெய்ப் படலம் எண்டால் வேண்டாம். ஒயில் ஊத்திற மூடியின்ர உள்பக்கத்தில பால்க் கட்டி மாதிரி இருந்தாலும் வேண்டாம், ஒயிலோட தண்ணி சேருது எண்டு அர்த்தம். பிறகு நிண்ட இடத்தில ஓடவிட்டு சூடேற விடுங்கோ. ஃபான் தானாச் சுத்தித் தானா நிக்கோணும். சூடான எஞ்சினில றேடியேற்றர் மூடியைத் திறக்காதையுங்கோ, கொதிதண்ணி முகத்துக்கு அடிக்கும்.

அடிபட்ட வண்டியா எண்டு அறிய ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிக்கிற இரும்புக் கட்டையைப் பாருங்கோ. நசுங்கியோ பெயின்ற் உடைஞ்சோ இருந்தால் முன்னால மோதியிருக்கு. அதுக்குக் கிட்ட ஃபிறேம் கழுத்தில வெல்டிங் புதுசா இருக்கா, பெயின்ற் சுருங்கியிருக்கா எண்டும் பாருங்கோ. பெயின்ற் அடிச்சு ஸ்ரிக்கர் ஒட்டினாலும் இந்த இடத்தைக் கனபேர் கவனிக்கிறேல்ல.

கோன் செற்: சென்ரர் ஸ்ராண்டில விட்டு, ஒராள் பின்னால அமத்த முன்சில்லு தூக்கும். ஃபோர்க்கின்ர அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளி இழுங்கோ. டொக் எண்டால் தேய்வு. ஹாண்டிலை மெதுவா இடம் வலம் திருப்பேக்க நடுவில ஒரு பள்ளத்தில விழுறமாதிரி பிடிச்சால் பேரிங் தடம் பதிஞ்சிட்டுது. கிறவலில ஓடின பல்சருக்கு இது சாதாரணம். பெரிய செலவில்லை, ஆனால் விலையில குறைக்கக் கேளுங்கோ. ஃபோர்க் குழாயில ஈரமான எண்ணெய் வளையம் இருந்தால் சீல் பழுதாப் போச்சு.

செயினை பின் ஸ்புறொக்கற்றின்ர பின்பக்க நடுவில பிடிச்சு இழுங்கோ. பல்லில பாதிக்கு மேல வெளிய தெரிஞ்சால் செயின் முடிஞ்சுது. பல்லு ஒரு பக்கம் சரிஞ்சு கொக்கி மாதிரி இருந்தால் முழுச் செற்றும் மாத்தோணும். தனிச் செயின் மாத்தினால் பழைய பல்லு புதுச் செயினைத் தின்னும்.

டிஸ்க்கில மிகக்குறைந்த தடிப்பு அளவு அடிச்சிருக்கும், பாட் உரஞ்சிற இடத்தின்ர தடிப்பை அதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. கிலோமீற்றர் 15,000 எண்டு காட்டி, டிஸ்க் தேய்ஞ்சு, கால்மிதி ரப்பரும் மழுங்கிக் கிடந்தால் மீற்றரை நம்பாதையுங்கோ. ரயரில நாலு இலக்கம் இருக்கும்: 2319 எண்டால் 2019இன்ர 23ஆம் கிழமை. தவாளிப்பு இருந்தாலும் வெயிலில 6 வருசம் நிண்ட ரயர் கல்லாயிருக்கும், மழைக்கு வழுக்கும்.

ஏபிஎஸ் லைற்: திறப்பைத் திருப்பேக்க எரியோணும், கொஞ்சம் உருண்டதும் அணையோணும். அணையாட்டி சென்சர் அல்லது வயர் பிழை. திறப்பைத் திருப்பேக்கயே எரியாட்டி ஆரோ லைற்றை மறைச்சிருக்கினம், அந்த வண்டியை விடுங்கோ. மல்ரிமீற்றர் இருந்தால் பற்றரி ஓய்வில 12.6 வோல்ற், எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கேக்க 13.8 முதல் 14.5.

ஓடிப் பாக்கேக்க மூண்டாம் கியரில 40இல போய்த் திறொட்டிலை முழுக்கத் திறவுங்கோ. சத்தம் ஏறி வேகம் ஏறாட்டி கிளச் வழுக்குது. கார் ஒயில் ஊத்தினாலும் இப்பிடி வழுக்கும். பைக்குக்கு ஜேஏஎஸ்ஓ எம்ஏ குறி உள்ள ஒயில்தான் ஊத்தோணும், கிளச் அந்த ஒயிலுக்குள்ளதான் கிடக்கு.

#12 – ஏ9_நேர்றோட்டு

இவ்வளவும் வாசிச்ச பிறகு இரண்டில 220எஃப் பக்கம்தான் நானும். தாண்டேக்க கியர் இறக்கோணும் எண்டதை மட்டும் பழகுங்கோ: ஐஞ்சில இருந்து நாலுக்கு, முதல் இறக்கி, பிறகு வெளிய வந்து, பிறகு முறுக்கிறது. வெளிய வந்த பிறகு இறக்கிறது கூடாது. ஆர்எஸ்இன்ர பவர் 9750 சுத்தில, இழுவை 8000இல. அந்தச் சுத்துக்குப் போகாட்டி 220எஃப்ஐ விடப் பெரிசா ஒண்டும் தராது. ஆறாவது கியர் மட்டும்தான் ஆறுதல்.

டொமினார் பற்றி என்ர கருத்து மாறேல்ல. 5 அடி 8 ஆளுக்கு, தார் றோட்டு வாசலுக்கு, அதுதான் நல்ல பைக்.

#13 – குளக்கட்டு

220எஃப்இல இருந்து பாத்தன். இரண்டு காலும் நுனிதான் படுது. லோவரிங் செய்து தாறம் எண்டு ஒரு கடையில சொல்லினம். செய்யலாமா? அக்காவுக்குப் பின்சீற் எப்பிடி?

#14 – ஒட்டுசுட்டான்_கிறவல்

லோவரிங் வேண்டாம் தங்கச்சி. 220எஃப்க்கு அடியில 165 மிமீதான் இடைவெளி. பின் ஷொக்கைக் கட்டையாக்கினால் முன்பக்கம் நிமிர்ந்து திருப்பம் பாரமாகும், ஆள் ஏத்திக் கிடங்கில விழுந்தால் சைலென்சர் நிலத்தில முட்டும்.

சீற்றைக் கழட்டி ஸ்பொஞ்சை வெட்டுங்கோ. நடுவில கை வைக்காமல், தொடை வாற முன் இரண்டு ஓரத்திலயும் 15, 20 மிமீ சீவி ஒடுக்கினால் கால் நேராக் கீழ இறங்கும். நடுவில வெட்டினால் ஒரு மணித்தியாலத்தில இடுப்பு நோகும். அடி தடிச்ச, வழுக்காத சப்பாத்து இன்னும் ஒரு சென்ரிமீற்றர் தரும். நிக்கேக்க இடக்கால் முழுக்க நிலத்தில, வலக்கால் பின் பிறேக்கில, இடுப்பைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி நில்லுங்கோ. இரண்டு காலையும் ஒண்டா ஊண்ட நினைக்கிறதாலதான் கனபேர் தடுமாறினம். நிக்கப்போற இடத்தை முதலே பாத்து, மேடு இடப்பக்கம் வாறமாதிரி நிப்பாட்டுங்கோ.

அக்காவுக்கு 220எஃப்தான் வசதி. ஆர்எஸ்இன்ர பின்சீற் உயரம், சிறிசு, ஏறேக்க உங்கட பக்கம் பாரம் சாயும். சீலையோட இருக்கிறதெண்டால் சீலைத் தடுப்பு கட்டாயம். ஆள் ஏத்தேக்க பின் ஷொக்கின்ர ஸ்பிறிங்கை இரண்டு படி கூட்டுங்கோ, இரண்டு பக்கமும் ஒரே படி. கூட்டாட்டி வால் தாழ்ந்து ஹெட்லைற் மரத்தில அடிக்கும். லைற் சரியா எண்டு பாக்க, வழமையான பாரத்தோட சுவரில இருந்து 5 மீ தள்ளி நில்லுங்கோ. லோ பீமின்ர மேல் விளிம்பு சுவரில விழுற இடம், பைக்கில லைற் இருக்கிற உயரத்தை விட 5 செமீ கீழ இருக்கோணும்.

#15 – வவுனியா_பாட்ஸ்

வண்டியின்ர பதிவுப் புத்தகம் பாக்காமல் முற்பணம் குடுக்காதையுங்கோ. சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில அடிச்சதும் புத்தகத்தில உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒண்டா இருக்கோணும். புத்தகத்தில லீசிங் கொம்பனி பேர் முழு உரிமையாளரா நிண்டால், கடன் முடிஞ்சு அவையின்ர விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் காசு குடுக்கக்கூடாது. விக்கிறவர் புத்தகத்தில உள்ளவரா, இடையில இரண்டு கை மாறியும் புத்தகத்தில பேர் மாத்தாமல் ஓப்பின் பேப்பரில வந்ததா எண்டு கேளுங்கோ. ஓப்பின் பேப்பர் எண்டால் புத்தகத்தில உள்ளவரைத் தேடிப்பிடிச்சு நேரில கையெழுத்து வாங்கினால்தான் நிம்மதி. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, இன்சூரன்ஸ் மூண்டின்ர திகதியையும் பாருங்கோ.

#16 – குளக்கட்டு

220எஃப்ஐ எடுக்கிறதெண்டு முடிவு. கோன் செற் தேய்வு, ரயர் 2019 திகதி, செயின் பாதி. அதைச் சொல்லி விலை குறைச்சாச்சு. எடுத்த உடன எதை முதல் செய்யிறது? காசு எல்லாத்துக்கும் ஒரேயடியாக் காணாது.

#17 – பரந்தன்_பட்டறை

வரிசை இதுதான். முதல் ரயர் இரண்டும், முன் பிறேக் பாட்டும். அதோட பிறேக் எண்ணெய், டொட் 4, மூடின புதுப் போத்தல். அது காத்தில உள்ள ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும். பழைய எண்ணெயில ஈரம் கூடி, நெடுக பிறேக் பிடிக்கேக்க கொதிச்சு லீவர் சொத சொதப்பாகும். கலிப்பர் பின்னைக் கழட்டித் துடைச்சு கிறீஸ் பூசச் சொல்லுங்கோ, நிண்ட வண்டியில அது இறுகியிருக்கும். இவ்வளவும் செய்யாமல் அக்காவை ஏத்தாதையுங்கோ.

அதே கிழமையில கோன் செற், ஒயில், எயார் ஃபில்ரர், பிளக். 220எஃப்க்கு பிளக் இரண்டு, ஒண்டை மாத்திப்போட்டு மற்றதை மறக்கிறவை கனபேர். பழைய பிளக்கில ஒண்டை சீற்றுக்குக் கீழ வையுங்கோ. கிளச் கேபிள் ஒண்டு, ஃபியூஸ், ரியூப்லெஸ் பங்சர் செற், ஒரு சின்னப் பம்பும் அங்கேயோ பையிலயோ இருக்கட்டும். உடைமுள்ளு குத்தினால் முள்ளை உடன பிடுங்காதையுங்கோ, ஒட்டு கையில ஆயத்தமான பிறகு பிடுங்குங்கோ.

பாதிச் செயின் இன்னும் கொஞ்சம் ஓடும், அதுக்கிடையில காசு சேருங்கோ. 500 கிமீக்கு ஒருக்கா, கிறவலில கூட ஓடினால் அதுக்கும் முந்தி, மண்ணெண்ணெயில துணி நனைச்சுத் துடைச்சு, காய விட்டு, 90ஆம் நம்பர் கியர் ஒயில் உள்பக்கமா விடுங்கோ. பெற்றோலால கழுவினால் செயினுக்குள்ள இருக்கிற ஓ-றிங் வெடிச்சுப்போகும். தொய்வு 25, 30 மிமீ. நீங்கள் சீற்றில இருக்கேக்க ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ, ஆக இறுக்கினால் கியர்பொக்ஸ் பேரிங் போகும்.

#18 – ஒட்டுசுட்டான்_கிறவல்

பிறேக் சரியான பிறகு, பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஆளில்லாத இடத்தில 30இல இருந்து நிப்பாட்டிப் பழகுங்கோ. முன் லீவரைப் பட்டெண்டு பிடிக்காமல், முதல் தொட்டு முன்பக்கம் அமரவிட்டு, பிறகு இறுக்குங்கோ. 30 சரிவந்தால் 40, பிறகு 50. ஏபிஎஸ் லீவரில துடிக்கிறதை ஒருக்கா வேணுமெண்டே உணர்ந்து பாருங்கோ, மாட்டுக்கு முன்னால முதல்முதல் துடிச்சால் பயத்தில லீவரை விட்டிடுவியள். பிறகு 6 மீ அகலத்துக்குள்ள யூ-ரேண்: அரைக் கிளச், பின் பிறேக் மெதுவா, பார்வை போகப்போற பக்கம். முன் பிறேக்கில கை வைக்கக்கூடாது, ஹாண்டில் திரும்பியிருக்கேக்க முன் பிறேக் பிடிச்சால் பைக் அப்பிடியே படுக்கும். இதெல்லாம் தனிய ஓடிப் பழகி, பிறகு அக்காவை ஏத்தி இன்னொருக்கா 30இல இருந்து தொடங்குங்கோ. ஆள் இருந்தால் பின்சில்லில பாரம் கூடும், பின் பிறேக் முந்தியை விட நல்லாப் பிடிக்கும், நிக்கிற தூரமும் மாறும்.

#19 – குளக்கட்டு

சரி அண்ணை. ரயர் இரண்டுக்கும் வவுனியாவில சொல்லியாச்சு, 90/90உம் 120/80உம், இந்த வருசத் திகதி பாத்துத்தான் எடுப்பன்.